கேப்டன் வீட்டுப் படிகள்

தையல்காரிக்குக் கோபம் வருவது ஒன்றும் புதிதல்ல. அளவு கொடுத்துவிட்டு உடம்பு பெருத்து வந்து நிற்பவர்கள், நேற்றுத் துணி கொடுத்து இன்று கேட்பவர்கள் என்று தினம் யாராவது வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் கல்லைப் பார்த்துப் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

வீட்டு வாசலில் செங்குத்தாக மூன்று கருங்கல் படிகள். துறைமுகத்துக்கு எதிரே வரிசையாக நிற்கும் அந்தப் பழைய வீடுகளை மரபுத் துறை தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டபோது தெருவே துள்ளிக் குதித்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஹோட்டல் கட்ட வந்த முதலாளி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. இனி நம் வீட்டை யாரும் தொட முடியாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். யாரும் என்பதில் தானும் அடக்கம் என்று அப்போது யார் கண்டார்கள்?

அவள் புருஷன் இழுவைப் படகு ஓட்டியவர். மலைபோல வரும் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்ததால் ஊர் அவரைக் கேப்டன் என்றது. ஒருநாள் இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்து இடுப்பில் அடித்தது. பிழைத்தார், ஆனால் கால்கள் பிழைக்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது. அது வாசல்வரை ஓடும், அதோடு சரி. பின்பக்கம் வழி கிடையாது. பின்சுவர் ஒரு பழைய கிடங்கின் சுவரோடு ஒட்டி நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவருடைய அக்கா வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் வந்து, பீரோவைத் தூக்குவதுபோல அவரைத் தூக்கி இறக்குவார்கள். "அந்தப் பக்கம் பிடி, இடிச்சிடப் போகுது" என்று சத்தம் வேறு. தெரு வேடிக்கை பார்க்கும். கேப்டன் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றுவிட்டார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். 

வாசலில் ஒரு சாய்தளம் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அதற்கு மரபுத் துறை அதிகாரி சம்மதிக்க வேண்டும். அந்த மாவட்டத்துக் கடற்கரை நெடுக, கலங்கரை விளக்கம், சுங்கச் சாவடி, இடிந்த கோட்டைச் சுவர் என்று பழசாக எது இருந்தாலும் அவர் பொறுப்பு. தெருவில் அவருக்குக் கல்லு சார் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், எரிந்து விழ மாட்டார், கொடுத்த டீயை ஒழுங்காகக் குடித்துவிட்டுப் போவார். அதுதான் அவளுக்கு ஆத்திரம். நல்லவனாக இருந்துகொண்டே முடியாது என்று சொல்கிறவனை எதைச் சொல்லித் திட்டுவது?

சிமெண்ட் கூடாது என்றார். இரும்பு என்றால் கல்லில் துளை போட வேண்டும், அதுவும் கூடாது. சரி, போ என்று அவளே தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலகை செய்து சாய்த்தாள். மறுநாளே ஜீப்பில் வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை எடுக்க வைத்தார். மரம் உரசினால் கல் தேயுமாம். வாசலில் குந்தி உட்கார்ந்து, படியின் நடுவே தட்டுபோலக் குழிந்திருந்த இடத்தைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினார்.

"இதைப் பாருங்கம்மா. எத்தனை தலைமுறைக் கால் பட்டுத் தேஞ்சிருக்கு. இதைத்தான் நாங்க காப்பாத்துறோம்."

"அந்தக் கால்ல ரெண்டு உள்ள உக்காந்திருக்கு சார். அதை யாரு காப்பாத்துவா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு வீடுகளின் பெருமையைச் சொல்லும் பெயர்ப்பலகையைத் திறந்துவைக்கத் துறையின் இயக்குநர் அம்மாவே வருவதாகச் செய்தி வந்தது. வரிசையில் முதல் வீடு, சுத்தமாக இருக்கிற வீடு என்று கேப்டன் வீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். அம்மா உள்ளே வந்து தேக்கு உத்திரங்களைப் பார்ப்பாராம். முதல்நாள் காலையில் லாரி வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கி மளமளவென்று பலகை அடித்தார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு சாய்தளம் எழும்பிவிட்டது. கைப்பிடி என்ன, சிவப்புக் கம்பளம் என்ன! இயக்குநர் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததாம், படி ஏற முடியாதாம்.

தையல்காரி கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். வந்தவள் என்ன நினைத்தாளோ, அதை உள்ளே வைத்துவிட்டு வந்துதான் பேசினாள். இது மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்டாள்.

கல்லு சார் குனிந்து பலகையின் அடியைக் காட்டினார். "இது தற்காலிகம்மா. கல்லு மேல படாம தனியா கால் குடுத்து நிறுத்தியிருக்கு. நிகழ்ச்சி முடிஞ்சதும் எடுத்துடுவோம். தற்காலிகத்துக்கு அனுமதி தேவையில்ல."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் வந்துபோகிற முட்டிக்கு ஒரு நியாயம், காலம் முழுக்க இங்கே கிடக்கிற காலுக்கு ஒரு நியாயமா என்று தெருவே கேட்கக் கத்தினாள். உள்ளேயிருந்து கேப்டன், மானத்தை வாங்காதே என்றார். அவருக்கும் சேர்த்து விழுந்தது.

நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் அம்மா சாய்தளத்தில் மெதுவாக ஏறி வந்தார், உத்திரத்தைப் புகழ்ந்தார், இறங்கிக் காரருகே போனார். கைதட்டல் அடங்கும் முன்பே வேலையாட்கள் கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் தையல்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். தள்ளாதே என்று கேப்டன் பிரேக்கைப் பிடித்தார். அத்தனை ஜனமும் பார்த்தது. அவர் சரிந்து இறங்கும் பலகையையும், அதற்கப்பால் கடலையும் பார்த்தார். பிரேக்கை அவரே விட்டுவிட்டு, இயக்குநர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு தடவை வெளிய போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இதை விட்டு வைக்கச் சொல்லுங்க."

இயக்குநர் அம்மாவின் கண் கலங்கியது. பத்திரிகைக்காரர்களும் நின்றிருந்தார்கள். "அவர் திரும்பி வீட்டுக்குள்ள போற வரைக்கும் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது" என்று கல்லு சாரைப் பார்த்து உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கேப்டன் இறங்கிப்போய்த் துறைமுகச் சுவரோரம் நின்றார். பழைய கூட்டாளிகள் படகிலிருந்து கையை ஆட்டினார்கள். வெயில் தாழ்ந்தது. வேலையாட்கள் சுத்தியலோடு காத்திருந்தார்கள். தையல்காரி அந்தச் சுத்தியல்களையே பார்த்தாள். திரும்பி வந்ததும் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி அந்த டிவிதான். கேப்டன் நாற்காலியைத் திருப்பினார். வீட்டுப் பக்கம் அல்ல. தெருக்கோடியில், ரோட்டுக்குச் சமமாகத் தரை போட்ட புது வீடு அவருடைய அக்காவுடையது. நேரே அதற்குள் உருட்டிக்கொண்டு போனார். பின்னால் ஓடி வந்தவளிடம் நிதானமாகச் சொன்னார்.

"நான் இன்னும் வீட்டுக்குத் திரும்பலையே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

இயக்குநர் அம்மா சொன்னது பேப்பரில் வந்து, நாலு பேர் பாராட்டியும்விட்டார்கள். அதை மீறிப் பிரிக்கக் கல்லு சாருக்குத் தைரியமில்லை. நிரந்தரமாக விட்டுவைக்க அதிகாரமும் இல்லை. சாய்தளம் நின்றது. பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தள்ளுவண்டியில் குழந்தையோடு அதில் ஏறினார்கள். தபால்காரர் ஏறினார். கேப்டன் தினம் துறைமுகத்துக்குப் போனார், சாயங்காலம் சாய்தளத்தின் அடிவரை வந்தார், வாசலில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் பெண்டாட்டியோடு கீழே இருந்தபடியே பேசிவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்பினார். மழைக்காலம் வந்தது. குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒருநாள் கல்லு சார் ஜீப்பை நிறுத்தி, கேப்டன் எப்போது வீட்டுக்கு வருவார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

"வர்றதுக்கு வழி இருக்கணும்னா வரக்கூடாதுன்னு ஒரு மனுஷனை உக்கார வெச்சிருக்கீங்க. அவர் கட்டில்ல அவர் படுத்து மாசக்கணக்காச்சு. நீங்க வீட்டைக் காப்பாத்திட்டீங்க சார். வீட்டுக்காரரைத் துரத்திட்டீங்க."

அவர் தலை குனிந்துகொண்டு, மேலிடத்துக்கு மறுபடி எழுதுவதாகச் சொன்னார். அவள் துணியை மடித்து வைத்தாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிச் சாய்தளத்தில் இறங்கி, புருஷனுக்குச் சாப்பாடு கொடுக்கத் தெருக்கோடிக்கு நடந்தாள்.