மீன்முள் விட்ட மணிபிளாண்ட்

மன்னார்த் தீவின் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் மாக்கிறட்டின் குசினி யன்னலில் இருந்த மணிபிளாண்ட் தண்டு, 2002ஆம் ஆண்டு, வேருக்குப் பதிலாக மீன்முள் விட்டது. அது கட்டா மீனின் முள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் கிழமை சோளகக் காற்று தொடங்கியிருந்தது, கட்டாவும் நல்ல விலைக்குப் போனது.

செடி மாக்கிறட்டுடையதல்ல, எருக்கலம்பிட்டி நசீறாவுடையது. இருவரும் மன்னார் பட்டினத்தில் ஒரே தையல் வகுப்பில், ஒரே மெஷினை மாறி மாறி மிதித்துப் பழகியவர்கள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனம் முழுவதும் இயக்கத்தால் வெளியேற்றப்பட்டுப் படகேறியபோது, வழியனுப்பப் போன மாக்கிறட்டின் கையில் நசீறா ஒரு பூச்சட்டியைத் திணித்தாள். "தண்ணி ஊத்த மறந்திராத புள்ள, நான் வந்து எடுப்பன்" என்றாள். பிறகு அவளுடைய வீட்டின் ஓடுகள் போயின, கதவுகள் போயின, நிலைகளும் போயின. அந்த வீட்டிலிருந்து உயிரோடு மிஞ்சியது இந்தச் செடி மட்டுந்தான். ஷெல்லடிக்குப் பயந்து சனம் மடு மாதா கோயிலுக்கு ஓடியபோதும் மாக்கிறட் சட்டியைச் சேலையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஓடினாள். கைக்குழந்தை என்று நினைத்து வழியில் ஒருத்தி பால்மாவும் கொடுத்தாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும், நசீறா அகதியாக இருந்த புத்தளத்துக்கு மீன் ஏற்றும் லொறிக்காரர் எமிலியானுஸ், அவள் வரப்போகிறாள் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். செடி செத்தது அந்தச் செய்தியால்தான். காலையில் மாக்கிறட் தண்ணீர் ஊற்றினாள். கடலால் வந்த புருசன் பஸ்ரியன் கால் கழுவிய கையோடு ஒரு செம்பு ஊற்றினான். தேங்காய் துருவ வந்த பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவும் தன் பங்குக்கு ஊற்றினாள். நசீறாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்ததால், ஒருவர் ஊற்றியதை மற்றவருக்குச் சொல்லவில்லை. இலை மஞ்சளாகியது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினார்கள். ஒரு நாள் காலையில் கொடி முழுவதும் சுவரிலிருந்து வழுக்கி விழுந்தது. மாக்கிறட் பிடித்து இழுக்க, வேர் கறுத்துக் கூழாகிக் கையோடு வந்தது. வீட்டையும் ஊரையும் இழந்தவளுக்கு இதையும் எப்படிச் சொல்வது என்று நினைத்தபடியே கொடியைக் கணுக் கணுவாகத் தடவிப் பார்த்தாள்.

ஒரே ஒரு கணு பச்சையாக இருந்தது. அதில் ஓர் இலையும் இருந்தது. அவள் கத்தியை எடுத்தாள். சின்ன வயதிலிருந்தே கருவாடு போட்ட கை அது. நாற்றமெடுக்கப் போகும் எதையும் அழுகலை வெட்டி எறிந்து, கழுவி, உப்புத் தடவி, வெயிலில் போட்டுத்தான் அந்தக் கைக்குப் பழக்கம். மனம் நசீறாவோடு இருக்க, கை தன் வேலையைச் செய்து முடித்தது. பின்னேரம் பாயில் கிடந்த கட்டாக்களைப் புரட்டும்போது நடுவில் தண்டையும் புரட்டினாள். பிறகுதான் கண்டாள். அவள் போட்ட கத்தலில் பஸ்ரியன் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"கருவாடாக்கிப் போட்டியே!" என்றான். "இனி வாறவளுக்கு இதைக் குழம்பு வைச்சுக் குடு."

மாக்கிறட் அகப்பையால் எறிந்தாள். பிறகு அழுதுகொண்டே உப்பைக் கழுவி, தண்டை ஜாம் போத்தலில் விட்டாள். இந்தமுறை யாரையும் கிட்ட விடவில்லை. ஒரு காலையில் கணுவில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஆசையோடு தொட்டாள். விரலில் குத்தி இரத்தம் வந்தது. அது நடுமுள்ளாக நீண்டு, இரண்டு பக்கமும் சிறுமுட்கள் விட்டு, கண்ணாடிக்குள் முழுசாக நின்றபோது அவள் பெற்றிசியாவைக் கூப்பிட்டாள். பெற்றிசியா சிலுவை போட்டாள். பங்குச் சுவாமி வந்து பார்த்துவிட்டு, ஞானோபதேசத்தில் இதைப்பற்றி ஒன்றுமில்லை, பூனை கவனம் என்றார். மேலே புது இலை பளபளவென்று விரிந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முள் அழுகவில்லை.

நசீறா, கூரையில்லாத தன் வீட்டைப் பார்த்துவிட்டு நேரே வந்தாள். மாக்கிறட் கதிரையைக் காட்டியும் அவள் இருக்கவில்லை. யன்னலடிக்குப் போய்ப் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னடி இது?"

"முள்ளு."

"என்ன முள்ளு?"

"கட்டா. வேர் அழுகிப் போச்சு, நான் புத்தியில்லாம உப்புப் போட்டிட்டன். மச்சமாப் போச்சு, ஓதி அறுக்காதது உங்கட வீட்டுக்கு ஆகுமோ எண்டு..."

நசீறா போத்தலை அணைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மாக்கிறட்டுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டுந்தான்.

"மீன்தானே புள்ள," என்றாள். "மீனை ஓதி அறுக்கத் தேவையில்ல."

புதிதாக விட்ட கணுவுக்குக் கீழே வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். சில வருடங்களுக்குப் பிறகு எருக்கலம்பிட்டி வீட்டுக்குக் கூரை போட்டபோது, முதலில் உள்ளே போனது அந்தப் போத்தல்தான். யன்னலுக்கு வெளியே இப்போதும் பூனைகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் மாற்றும்போது முள் கவனம் என்று நசீறா பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.