மூச்சு வாங்கும் இடங்கள்

இந்தக் கதையை நடந்தது நடந்தபடி சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பாடிய தங்கையிடம் கேட்டால் பாட்டு ஒன்பது என்கிறாள். ஒலிப்பதிவாளர் பத்து என்று அடித்துச் சொல்கிறார். அண்ணன் அன்று அழுதாரா இல்லையா என்பதில் அவள் ஒரு தடவை சொன்னது மறு தடவை சொன்னதோடு பொருந்தவில்லை. ஒன்பது என்றே வைத்துக்கொள்கிறேன். அழவில்லை என்றும்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து பத்து வருஷம் பாட்டுப் போட்டவர்கள். சினிமாப் பக்கம் போகாமல், தாங்களே எழுதி, தாங்களே பதிந்து, இருநூறு பேர் உட்காரும் அரங்குகளில் பாடிப் பேர் வாங்கியவர்கள். மெட்டும் வரிகளும் கிட்டாரும் அண்ணன், குரல் தங்கை. மேடையில் அவர் வாயே திறக்க மாட்டார். "உங்க அண்ணன் பேசவே மாட்டாரா?" என்று யாராவது கேட்டால், "வீட்டுக்கு வந்து பாருங்க, நிறுத்தவே மாட்டான்" என்று அவள் சிரிப்பாள்.

அவர்கள் வேலை செய்யும் முறை வெளியில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாட்டையும் முதலில் அண்ணன்தான் முழுக்கப் பாடிப் பதிவார். டிராக் என்பார்கள் அதை. தங்கையின் ஹெட்போனில் அது ஓடும். அதன்மேல் சாய்ந்துகொண்டு அவள் பாடுவாள். அவள் பாடி முடித்ததும் டிராக்கை எடுத்துவிடுவார்கள். பத்து வருஷத்தில் வெளிவந்த ஒரு பாட்டிலும் அண்ணன் குரல் கிடையாது. அதைக் கேட்டவர்கள் வீட்டு மனிதர்களும் ஒலிப்பதிவாளரும் மட்டும்தான்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். குரல் போய்விட்டது. மிஞ்சியது காற்று; பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் அதில் சொற்கள் இருப்பது தெரியும். கிட்டாரையும் அவர் தொடவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனார். "அந்த மெஷின் சத்தத்துல எல்லாருமே சைகைதான். அங்க நான்தான் நல்ல பேச்சாளன்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தில் டிராக் இல்லை. காதில் டிக் டிக் என்று தாளம் மட்டும் ஓடியது. சுருதி சரி, தாளம் சரி, எல்லாம் சரி. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். இரண்டாவதும் இப்படிப் படுத்துவிட்டால் மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆல்பம் போடும் நிறுவனம் சொல்லிவிட்டது. பாட்டை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

அப்போதுதான் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய், அறுவை சிகிச்சைக்கு முன் அவர் பாடி வைத்திருந்த ஒன்பது பாட்டுகளைத் தரச் சொல்லிக் கேட்டாள். அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன கைப்பதிவுக் கருவியில் அவை இருந்தன. அண்ணன் அதை எடுத்து வந்து கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"பாட்ட எடுத்துக்க. குரல் வெளிய வரக்கூடாது."

"எப்பவும் போல டிராக்தானேண்ணா. என்னைக்கு வந்திருக்கு?"

"பாப்பாவுக்கு நாலு வயசு. அவ பொறந்ததே இதுக்கப்புறம்தான்." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அவளுக்கு அப்பா குரல்னா இதுதான். இது மிச்சம்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

"சத்தியமா வராது."

"சத்தியம் பண்றவங்கள நான் நம்பறதில்ல" என்றாள் அண்ணி, துணியை மடித்தபடி. "போன வாரம் சத்தியமா மதியம் வரேன்னுதான் சொன்னே. நான் சோத்த வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

ஒலிப்பதிவாளருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். நேரில் எல்லோரும் சார் என்பார்கள். அவருடைய கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தண்ணீர்க் குழாய் சத்தம் போட்டால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அங்கே அவள் ஒரே வாரத்தில் ஒன்பதையும் பாடினாள். கருவியில் இருந்த குரல் மெலிந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து, இன்னும் ஏற்றுங்கள் என்று கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். தன் குரலும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து பாதி விலக்கி வைத்திருந்தாள். அது அவளுடைய பழக்கம். முன்பெல்லாம் அண்ணன் மெதுவாகப் பாடினாலே போதுமாக இருந்தது. சத்தத்தை அவ்வளவு ஏற்ற வேண்டி வந்ததில்லை.

"இப்பத்தாம்மா உன் குரல் உனக்குள்ளேருந்து வருது" என்றார் சார். சாதாரணமாக அவர் 'சரி' என்பதற்கு மேல் பேச மாட்டார்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது.

"உக்காரு. டிராக்க எடுத்தாச்சு. உன் குரல் மட்டும்தான் இப்ப ஓடுது. கேளு."

கேட்டாள். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரிக்கு முன் அவள் மூச்சு வாங்கும் இடத்தில், வரியின் கடைசிச் சொல்லை இன்னொருவர் தூரத்தில் முடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எப்போதும் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நீட்டுவார்.

"ஹெட்போன்லேருந்து உன் மைக்குக்குள்ள கசிஞ்சிருக்கு. ஒம்போதுலயும். பதியறப்ப டிராக்கும் இங்க ஸ்பீக்கர்ல ஓடிச்சு, அதனால எனக்குத் தெரியல. பாம்புக்காதுன்னு பேரு வேற."

"எடுக்க முடியாதா சார்?"

"ரெண்டு பேரும் ஒரே சுரத்துல நிக்கிறீங்க. அவரச் சுரண்டினா உன்னையும் சேத்துச் சுரண்டுது. நேத்து முழுக்க அதான் பண்ணினேன்."

"யாருக்கும் தெரியாதில்ல?"

"எனக்குத் தெரியுது."

"உங்களுக்கு எறும்பு நடக்கறதே கேக்கும்."

சார் சிரிக்கவில்லை. குழாய் சத்தம் போட்டு ஓய்ந்தது. அவள் மறுபடி போடச் சொன்னாள். ஐந்து வருஷமாக இல்லாமல் இருந்தது அந்த இடைவெளிகளில் இருந்தது. அதை விட அவளுக்கு மனமில்லை. இப்படியே விட்டால் இந்த ஆல்பம் எழுந்து நிற்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. நிச்சயமாக நிற்கும்.

மறுநாள் மதிய இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அனுமதி கேட்கத்தான் போனாள். பின்னறையில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மேசையில் வெள்ளை மாவாக லென்ஸ் தூள். அண்ணன் கையைத் துடைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முதல் பாட்டின் முதல் வரி முடிவதற்குள் தலையை நிமிர்த்தினார். அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்து வரை இறங்கும் அட்டை மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒன்பது பாட்டையும் கேட்டார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

"மூணாவதுல சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கான்" என்றார், தன் பழைய குரலை வேறு யாரோ போல.

"ஒரு இடத்துலதான்."

"ரெண்டு இடம்." விரலால் காட்டினார். "நல்லாத்தான் பாடியிருக்கான்."

சரி என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"வேணும்னு பண்ணலண்ணா. கசிஞ்சு போச்சு. உத்துக் கேட்டாத்தான் தெரியும்."

"பாப்பா உத்துத்தான் கேப்பா. அத்தை பாட்டுன்னா ஸ்பீக்கர விட்டு நகர மாட்டா." அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. "ராத்திரி நான் கதை சொன்னாத்தான் தூங்குவா. காதை என் வாய்க்கிட்ட வெச்சுக்குவா. இது யாருப்பான்னு ஒரு நாள் கேட்டா... நான்னு சொன்னா, அப்ப நீ யாருன்னு கேப்பா."

அவள் மேசையில் கிடந்த லென்ஸ் தூளை விரலால் ஒதுக்கினாள்.

"அழிச்சிடு. டிராக்கையும் சேத்து. வெச்சிருந்தா என்னைக்காவது கேக்கத் தோணும். எனக்கே தோணும்."

பிறகு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஏழாவது மட்டும் இன்னொரு தரம்" என்றார். அவள் வெளியே போய்க் கடை வாசலில் நின்றாள். இடைவேளை முடிந்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் உள்ளே போனாள்.

கூடத்தில் சார், "நீயே அமுக்கு, என் கையால வேணாம்" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். நிச்சயமாக அழிக்கலாமா என்று கணினி கேட்டது. அமுக்கினாள். கைப்பதிவுக் கருவியில் இருந்ததையும் அழித்தாள்.

அடுத்த பத்து நாளில் ஒன்பதையும் புதிதாகப் பாடினாள். காதில் தாளம் மட்டும். மெட்டு மறக்கவில்லை, வரி மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு இமை நேரம் தாமதமாக உள்ளே வந்தாள். முதலில் அண்ணன் தொடங்கட்டும் என்று நின்றுவிடுகிற பழக்கம் அது. முதல் ஆல்பத்தில் அவள் அதை அடக்கியிருந்தாள். இப்போது அடக்க வரவில்லை.

"திரையில ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சிடவா? ஒரு நிமிஷ வேலை" என்றார் சார்.

"வேணாம் சார். அங்கயே இருக்கட்டும்."

"இழுக்கறான்னு எழுதுவாங்க."

"எழுதட்டும்."

அப்படித்தான் எழுதினார்கள். பாடகி ஒவ்வொரு வரியிலும் தாளத்துக்குப் பின்னால் நிற்கிறார், அக்கறையில்லாமல் பாடியிருக்கிறார் என்று இரண்டு பேர் எழுதினார்கள். மற்றவர்கள் எழுதவே இல்லை. நிறுவனம் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் இப்போது ரயில் அறிவிப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பேசிக் கொடுக்கிறாள், பாடுவதில்லை. சார் கூடத்தை விற்றுவிட்டு மகனோடு இருக்கிறார். அண்ணன் அதே கடையில்தான் லென்ஸ் தேய்க்கிறார். மருத்துவப் பரிசோதனைக்கு வருஷம் ஒரு தடவை போய்வருகிறார். அண்ணிக்கு முழங்கால் வலி. பாப்பா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.