இரவல் கார்டில் ஒரு கல்யாணம்

க்ளிக் அக்காவின் பழைய கேமரா ஒரு பள்ளி ஆண்டு விழாவின் நடுவில் கண்ணை மூடியது. மேடையில் குட்டிப் பிள்ளைகள் முயல் வேஷத்தில் குதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ ‘கடக்’ என்றது. அதோடு சரி. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதுக்குச் செலவழிக்கறதுக்குப் புதுசே வாங்கிடலாம்க்கா” என்றார்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த வட்டாரத்தில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. க்ளிக் அக்கா என்றால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். அங்கே பாதிப் பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் படம் அவள் எடுத்ததுதான். அவள் கணவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். விடுமுறை நாட்களில் அவளுக்கு விளக்குப் பிடிப்பார், பெட்டி தூக்குவார், நடுவில் பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுவார். புது இயந்திரம் எதைப் பார்த்தாலும் மனுஷனுக்குக் கண் விரிந்துவிடும்.

கேமராக் கடைக்காரம்மா இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் அதற்கான மெமரி கார்டையும் வைத்தாள். ஒரு கார்டு சின்ன பிஸ்கட்போல் தடித்து, உலோக உடம்போடு இருந்தது. இன்னொன்று தபால்தலை அளவு எஸ்.டி. கார்டு, எல்லோரும் பார்த்திருக்கிற ரகம்.

“இந்தக் கேமராவுக்குத் தடிக் கார்டுதான். விடாம எடுத்துத் தள்ளினாலும் மூச்சு வாங்காது. அந்தக் கேமராவுல எஸ்.டி. கார்டு ரெண்டு போடலாம். வேகம் கம்மி, ஆனா சாதாரண வேலைக்குத் தாராளம். ரெண்டும் நல்ல கேமராதான். உங்க கைக்கு எது தோதோ பாருங்க.”

கணவர் தடிக் கார்டைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தார். “ஏம்மா, இது ராக்கெட்டு!”

“நான் என்ன ஓடற சிறுத்தையையா எடுக்கப் போறேன்? கேக் வெட்டறவங்களைத்தானே எடுக்கறேன்.”

“நாளைக்கு சிறுத்தை கூப்பிட்டா?”

“கூப்பிட்டா உங்களை அனுப்பறேன்.”

அந்த வாரம் முழுவதும் வீட்டில் வேறு பேச்சில்லை. அவர் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பார்த்ததைச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒப்பித்தார். தடிக் கார்டுதான் எதிர்காலம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவளுக்கும் சபலம் தட்டாமல் இல்லை. கடைசியில் அவள் எஸ்.டி. கார்டுக் கேமராவையே வாங்கினாள். அதற்கு அவள் சொன்ன காரணம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. மேஜை இழுப்பறையில் பழைய எஸ்.டி. கார்டுகள் ஏற்கெனவே கிடந்தன. தடிக் கார்டு வாங்கினால் அதைக் கணினியில் மாட்டத் தனியாக ஒரு கருவியும் ஒயரும் வேண்டும். “இந்த மேஜைல இன்னொரு ஒயர் வந்துச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள். ஒயரிங்காரர் முகம் தொங்கிப்போனது. இரண்டு நாள் கேமராவின் பக்கமே திரும்பவில்லை.

புதுக் கேமராவுக்கு வந்த முதல் வேலை ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். ஒரே மகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். மாப்பிள்ளை சரக்கு ரயில் ஓட்டுகிறவர், மனைவியை இழந்து பல வருஷமாகத் தனியாக இருந்தவர். மகள்தான் முன்னின்று பேசி முடித்திருந்தாள்.

“ஆல்பமெல்லாம் பெருசா வேணாம்” என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். “எந்தப் படத்துல பார்த்தாலும் நான் கண்ணை மூடிட்டு இருப்பேன். கண்ணு திறந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு கெடைச்சா போதும், புண்ணியமாப் போகும்.”

ஊருக்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே ஊழியர்களின் மன்றக் கட்டடம் ஒன்று இருந்தது. கல்யாணம் அங்கேதான், பதிவுத் திருமணமாக. அன்று பொது விடுமுறை. வரும் வழியெல்லாம் கடைகள் இழுத்து மூடிக் கிடந்தன. கணவர் விளக்குகளை இறக்கி நிறுத்தினார். க்ளிக் அக்கா கேமராவை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்து பளிச்சென்று வந்தது: கார்டு இல்லை.

“என்னங்க, அந்தக் கறுப்புப் பை எங்கே?”

“எந்தக் கறுப்புப் பை?”

அவர் கேட்ட மாதிரியிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கார்டுகளை எல்லாம் காலையில் சுத்தமாகத் துடைத்து, பையில் போட்டு, கணினிக்குப் பக்கத்தில் அவளேதான் வைத்திருந்தாள். அது அங்கேயே பத்திரமாக இருக்கிறது. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

“நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்று கணவர் வண்டியை நோக்கி ஓடினார். அவர் எவ்வளவு விரட்டினாலும் திரும்பி வருவதற்குள் கையெழுத்து, சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும் என்று இருவருக்குமே தெரியும். விடுமுறையிலும் சிறப்பு அனுமதியில் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த அதிகாரிக்கு அடுத்து இன்னோர் இடத்தில் வேலை இருந்தது. அவரைக் காக்க வைக்க முடியாது.

மணப்பெண் உள்ளறையில் தலைசீவிக்கொண்டிருந்தார். வெளியே வந்த மகள், தூணோரம் கேமராவைக் கட்டிப்பிடித்தபடி நின்ற க்ளிக் அக்காவைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, முகமே சரியில்லையே?”

மறைத்து என்ன ஆகப்போகிறது? க்ளிக் அக்கா நடந்ததைச் சொன்னாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் ஒரு கணம் யோசித்தாள். “எந்தக் கார்டுக்கா? இந்தத் தபால்தலை மாதிரி இருக்குமே, அதுதானே?”

“அதேதான்.”

“அட, அது யார்கிட்ட வேணா இருக்கும்!” என்று சொல்லிவிட்டு, நேரே கீபோர்டு வாசிப்பவரிடம் போய் மைக்கைப் பிடுங்கினாள். ஒலியைக் குறைத்துக்கொண்டு, “எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. எங்க போட்டோ அக்காவுக்கு எஸ்.டி. கார்டு வேணும். கேமராவுலயோ, கார்லயோ, பையிலயோ தேடிப் பாருங்க. அம்மா காதுல மட்டும் போடாதீங்க!” என்றாள்.

முதலில் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு கைப்பைகள் திறக்கும் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் வார்டிலேயே வேலை செய்யும் இளம் நர்ஸ். சின்னக் கேமராவிலிருந்து கார்டை உருவி நீட்டினாள். “எம் பொண்ணு முதல்ல நடந்தது இதுலதான்கா இருக்கு. இன்னும் வேற எதுலயும் ஏத்தலை. பார்த்துக்கங்க.” கொடுத்த பிறகும் அவள் விரல் கார்டை விட மனமில்லாமல் ஒரு நொடி பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவர். கார்க் கண்ணாடியில் மாட்டியிருந்த கேமராவிலிருந்து நகம் அளவு மைக்ரோ கார்டைக் கொண்டுவந்தார். யாரோ அதைச் செருகும் உறை ஒன்றைக் கொடுக்க, அதுவும் தபால்தலை அளவாகிவிட்டது. “எல்லாத்தையும் அழிச்சிடுங்கம்மா. வெறும் ரோடுதான். திரும்ப ஓட்டினா ரோடு வந்துட்டுப் போகுது” என்றார். அன்றைக்கு அழிக்க அனுமதி கொடுத்த ஒரே புண்ணியவான் அவர்தான். கீபோர்டுக்காரர் தன் வாத்தியத்தின் முதுகிலிருந்தே ஒரு கார்டை உருவினார். “பாட்டெல்லாம் மனப்பாடம்தான். வாசிக்கிறதைப் பதிவு பண்ணத்தான் இது. இன்னைக்குப் பதிவு இல்லைன்னா என்ன, உலகம் நின்னுடுமா?”

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற குழந்தை டாக்டர். இப்போது அவருக்குப் பறவைகளைப் படமெடுப்பதே முழுநேர வேலை. அவரிடம் இருந்தது நல்ல வேகமான கார்டு. அவர் அதை நீட்டுவார், பின்னுக்கு இழுப்பார், மறுபடி நீட்டுவார். “இதுல ஒரு ஆந்தை இருக்கு. அதுக்காக எத்தனை விடிகாலை பனியில நின்னிருக்கேன் தெரியுமா? ஃபார்மேட்டுங்கற பக்கமே உன் விரல் போகக் கூடாது.”

“சத்தியமா போகாது சார்.”

“கல்யாணம் முடியற வரைக்கும் நான் உன் பின்னாலேயேதான் நிப்பேன்.”

சொன்னபடியே நின்றார். க்ளிக் அக்கா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மூச்சு அவள் தோளில் பட்டது.

நான்கு காகிதக் கோப்பைகளில் ஆளுக்கொன்றாகப் பெயரை எழுதி, கார்டுகளை அதில் போட்டு வைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள். இடம் குறைவு என்பதால் படத்தின் அளவைச் சுருக்கினாள். இளம் நர்ஸின் கார்டு மெதுவாகத்தான் எழுதியது. தொடர்ந்து நாலு எடுத்தால் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து, ‘இரு, விழுங்கிக்கறேன்’ என்று கெஞ்சியது. அந்த இடைவெளியில் அவள் கேமராவை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்கு எடுத்த படத்தைக் காட்டப் போய், விரல் தவறி அடுத்த படத்துக்குத் தாவிவிட்டது. தொட்டிக்குள் சோப்பு நுரையோடு ஒரு குழந்தை சிரித்தது. மாப்பிள்ளை திடுக்கிட்டு, “இது யாரும்மா?” என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் இருந்த விறைப்பெல்லாம் போய்விட்டது.

கையெழுத்துக்கு முன்னால் டாக்டரின் கார்டைச் செருகினாள். மாப்பிள்ளை பேனாவைப் பிடித்தார். எத்தனையோ பெட்டிகளை இழுத்துப்போகும் எஞ்சினை அடக்கி ஓட்டுகிற கை, அந்தப் பேனாவைப் பிடித்ததும் வெடவெடவென்று நடுங்கியது. அவர் ஒரு முறை பேனாவை வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அவர் மணிக்கட்டைப் பற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பார்க்கத் தொடங்கிவிட்டார். பல வருஷப் பழக்கம். பதிவு அதிகாரி வாயைப் பிளந்தார். “அம்மா! அவர் பேஷண்ட் இல்லை, மாப்பிள்ளை!” என்று மகள் கத்தினாள். மன்றமே வெடித்துச் சிரித்தது. நர்ஸம்மா பிடித்த கையை விடாமல் தலையைத் தூக்கி, கண்ணை அகலத் திறந்து சிரித்தார்.

க்ளிக் அக்காவின் விரல் அமுங்கியபடியே இருந்தது. டாக்டரின் கார்டு ஒன்றையும் தவறவிடாமல் வாங்கிக்கொண்டது. தோளுக்குப் பின்னால் டாக்டர், “பிடிச்சிட்டே! பிடிச்சிட்டேம்மா!” என்று ஆந்தையை மறந்து கூவினார்.

கணவர் கறுப்புப் பையும் வியர்வையுமாக வந்து சேர்ந்தபோது பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று புரியாமல் அவரும் தட்டினார். யாரோ அவருக்கென்று எடுத்து மூடி வைத்திருந்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்து, “தடிக் கார்டு வாங்கியிருந்தா இன்னைக்கு யார்கிட்ட கேட்டிருப்போம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதை நினைச்சு வாங்கலைங்க. ஒயருக்குப் பயந்துதான் வாங்கினேன்.”

“எதுக்குப் பயந்தா என்ன, நல்லதாப் போச்சு.”

மறுநாள் இருவரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கள் படங்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, கார்டில் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். அவள் மவுஸை நகர்த்துவாள். அவர் படத்தின் எண்ணை உரக்கப் படித்து, “நம்மளுது” என்பார். பிறகுதான் அழிப்பாள். ஒருமுறை அவள் கை ‘அனைத்தையும் நீக்கு’ என்பதன் பக்கம் சறுக்கியது. அவர் அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

அந்த வாரமே ஒவ்வொரு கார்டையும் ஒரு படத்தோடு அவள் திருப்பிக் கொடுத்தாள். இளம் நர்ஸ் வாசலிலேயே கார்டைப் போட்டுப் பார்த்தாள். குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடந்து வந்து விழுந்தது. அவள் க்ளிக் அக்காவைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் முதலில் ஆந்தையைத்தான் சரிபார்த்தார். கார் ஓட்டுகிறவர், “இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று வெட்கப்பட்டார். கீபோர்டுக்காரர் தன் படத்தைப் பார்த்து, “வாசிக்கும்போது என் வாய் இப்படியா கோணிக்குது?” என்று கவலைப்பட்டார்.

பெரிய படத்தை எடுத்துக்கொண்டு அவள் கடைசியாகக் குழந்தைகள் வார்டுக்குப் போனாள். நர்ஸம்மா மருந்துத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது நானா?”

“நீங்களேதான்.”

“கண்ணு திறந்திருக்கே.” படத்தில் தன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். “உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைம்மா.”

“நான்தான்மா உங்களுக்குச் சொல்லணும். உங்க வீட்டு ஆளுங்க, யாருன்னே தெரியாத என்னை நம்பி, பிள்ளை படம் முதல்கொண்டு தூக்கிக் கொடுத்தாங்க. ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை. நீங்களும் ஒரு வார்த்தை கோவிக்கலை.”

“நான் எதுக்குக் கோவிக்கணும்? என்ன ஆச்சு?”

க்ளிக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் இன்றுவரை வாயைத் திறக்கவே இல்லை! வேறு வழியின்றி அவளே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸம்மா கேட்கக் கேட்கச் சிரித்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கட்டிலில் இருந்த பிள்ளைகள் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தன. ஒரு சிறுமி கையை நீட்டிப் படத்தைக் கேட்டாள். அது அவளிடமிருந்து அடுத்த கட்டிலுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த கட்டிலுக்கும் போயிற்று.

க்ளிக் அக்கா விடைபெற்று வெளியே வந்தபோது வண்டியில் கணவர் காத்திருந்தார். “என்ன சொன்னாங்க?” என்றார்.

“நன்றி சொன்னாங்க” என்றாள். சற்றுக் கழித்து, “நானும் சொல்லிட்டேன்” என்றாள்.