நிலா சனியை மறைத்த சனிக்கிழமை

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் விபெக்கா அந்தப் பெரிய அட்டைப்பெட்டியைத் திரும்ப ஒட்டி, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். பெட்டியின் மேல் வளையத்தோடு சனிக்கோளின் படம். அதற்குக் கீழே, 525 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு மாலைப்பொழுது அவள் அந்தத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டியிருந்தாள். அதன் முக்காலி தொட்டாலும் ஆடியது, தொடாவிட்டாலும் ஆடியது. சனியைப் பிடித்தால் அது நனைந்த பஞ்சு மாதிரி ஒரு விநாடி தெரியும், பிறகு நழுவிவிடும்.

"பெட்டி மேல இருந்த படத்தையே பாத்துட்டு இருந்திருக்கலாம். அது ஆடாம நின்னுச்சு," என்றான் அவள் கணவன் எஸ்பென். முதியோர் இல்லத்தில் சமையல்காரன். எதையும் சிரிக்காமல் சொல்லுவான்.

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நீ வேற கடுப்பேத்தாத," என்றாள் விபெக்கா.

எட்டு நாள் கணக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். விபெக்கா மோன் தீவில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டுகிறாள். செப்டம்பரில் தொடங்கினால் ஜனவரி கடைசிவரை, வயலோரம் குவித்த பீட்ரூட்டை ஏற்றி, கடல் நடுவே போகும் சாலையையும் பாலத்தையும் தாண்டி, பக்கத்துத் தீவின் சர்க்கரை ஆலையில் கொட்டிவிட்டு வர வேண்டும். நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்கள் அவை. பன்னிரண்டு வருடமாக அந்த இருட்டில் சாலையை மட்டுமே பார்த்தவள், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, நிலாவுக்கு ஒட்டினாற்போல் மஞ்சளாக, கண் சிமிட்டாமல் நின்ற ஓர் ஒளியைப் பார்த்தாள். வண்டி ரேடியோவில் மற்ற ஓட்டுநர்களைக் கேட்டாள். விமானம் என்றான் ஒருவன். காற்றாலை விளக்கு என்றான் இன்னொருவன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் அது சனி என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஜனவரி முதல் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு நிலா அந்தச் சனியை முழுசாக மறைக்கப் போகிறது.

அன்று முதல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தேழு வயதில் எதற்காகவும் இப்படி நாளை எண்ணிக்கொண்டு அவள் காத்திருந்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வேலை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

"அப்ப வேற தொலைநோக்கி வாங்கி லாரியிலயே கொண்டு போ," என்றான் எஸ்பென், உருளைக்கிழங்கு உரித்தபடியே.

அவன் கிண்டலாகச் சொன்னதை விபெக்கா அப்படியே பிடித்துக்கொண்டாள். அளவு நாடாவை எடுத்துப்போய் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்து, கையிலேயே எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை நெஸ்ட்வெத் நகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு சிறிய கடை இருந்தது. பறவை பார்க்கிறவர்களுக்கு இருகண்நோக்கியும் வானம் பார்க்கிறவர்களுக்குத் தொலைநோக்கியும் விற்பார்கள். கடையை நடத்திய தோராவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கடைக்குள்ளேயும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத பெண். விபெக்கா உள்ளே நுழைந்ததுமே ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு பெரிய வெள்ளைக் குழாயைக் காட்டினாள்.

"இதுதான் வேணும்."

"எங்க வச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டாள் தோரா.

"பீட்ரூட் வயல்ல. வேலை நடுவுல. லாரியிலிருந்து இறக்கி ரெண்டு நிமிஷத்துல பாத்துட்டு ஏத்திடணும்."

தோரா தொப்பியை ஒருமுறை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். இப்படி ஒரு வாடிக்கையாளர் அவளுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. "லாரியில இடம் எவ்வளவு?"

விபெக்கா கையை நீட்டினாள். தோரா உள்ளங்கையைப் படித்துவிட்டு, "அப்ப அந்தப் பெரிய ஆள மறந்துடுங்க. அது வீட்டுத் தோட்டத்துல நிக்கிற சாமான்," என்றாள்.

பிறகு இரண்டு தொலைநோக்கிகளை வாசலுக்குத் தூக்கி வந்தாள். ஒன்று நீளமான ஒல்லிக் குழாய், முக்காலியோடு. மற்றது குட்டையும் பருமனுமாக, ஒரு வட்டப் பலகை மேல் உட்கார்ந்திருந்தது. கால்களே இல்லை. விபெக்காவுக்கு அதைப் பார்த்தால் பால் காய்ச்சும் பாத்திரம் மாதிரி இருந்தது. அதை ஒரு மரப்பெட்டி மேல் வைத்து, இரண்டையும் எதிரே தூரத்தில் தெரிந்த தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குத் திருப்பினாள் தோரா. அங்கே காற்றின் திசை காட்டும் தகரச் சேவல் ஒன்று இருந்தது.

முக்காலிக் குழாயில் சேவல் குளிரில் வெடவெடப்பதுபோல் நடுங்கியது. குட்டைக் குழாயில் பார்த்த விபெக்கா தலையைத் தூக்கிச் சேவலை ஒருமுறை வெறுங்கண்ணால் சரிபார்த்துக்கொண்டாள்.

"தலைகீழா நிக்குதே?"

"ஆமா, தலைகீழாத்தான் தெரியும். உள்ள கண்ணாடி இருக்கு. வானத்துல எது மேல எது கீழன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"ஆனா ஆடல."

"ஆடாது. கால் இருந்தாத்தானே ஆடும்?"

விபெக்கா மறுபடி குனிந்தாள். தகரச் சேவலின் வால் இறகில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. கொண்டையில் ஒரு துரு ஓட்டை. அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரம். அவளுக்குத் தெருவிலேயே சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்? நான் வாங்கித் திருப்பிக் கொடுத்த பெட்டியில 525ன்னு போட்டிருந்துச்சு."

"அதை விடுங்க. எவ்வளவு வெளிச்சம் உள்ள வாங்குதுங்கிறதுதான் பேச்சு. இதோட வாய் பதிமூணு சென்டிமீட்டர் அகலம். நீங்க திருப்பிக் கொடுத்த பெட்டியில இருந்தது அஞ்சோ ஆறோ இருக்கும். சின்ன வாயால வாங்குன வெளிச்சத்த ஐநூறு மடங்கு இழுத்தா, ஒரு கரண்டி வெண்ணெய ஊர் முழுக்க ரொட்டியில தடவுன கதைதான்."

விபெக்காவுக்கு அது உடனே புரிந்தது. ஆனால் கடைக்குள் திரும்பியதும் அவள் புத்தி மறுபடி தடம் மாறியது. கண்ணாடி அலமாரியில் லென்ஸ் வரிசை, வண்ண வண்ண வடிகட்டிகள், போனை மாட்டும் பிடி, தோல் பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். தோரா மறுபக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"வியாபாரம் பண்ற ஆளா நீங்க?" என்று கேட்டாள் விபெக்கா.

"முதல்ல பாத்துட்டு வாங்க. அப்புறம் எது இல்லன்னு உங்களுக்கே தெரியும். இதோட ரெண்டு லென்ஸ் வரும். ஒண்ணு தேடுறதுக்கு, ஒண்ணு பாக்குறதுக்கு. சனிக்காக இந்த ஆறு மில்லிமீட்டர் ஒண்ணு மட்டும் சேர்த்து எடுத்துக்கோங்க. தலையில மாட்ற சிவப்பு விளக்கு ஒண்ணு. வெள்ளை விளக்குப் போட்டா கண்ணு இருட்டுக்குப் பழகினது எல்லாம் வீணாயிடும்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. வண்டி சூட்டுலேர்ந்து எடுத்த உடனே பாக்காதீங்க, அரை மணி நேரம் வெளிய குளிர விடுங்க. இல்லேன்னா அடுப்பு மேல பாக்குற மாதிரி எல்லாம் நெளியும். அப்புறம், இதுக்கு மோட்டார் கிடையாது. பூமி சுத்துறதால சனி ஓரத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கும். விரலால மெல்லத் தள்ளிக்கிட்டே இருக்கணும்."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் விபெக்கா. பக்கத்தில் உட்கார்ந்தவர் கிராமபோனா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஆறு நாளும் மேகம். மழை, மூடுபனி, மறுபடி மழை. தெருக்கோடியில் இருந்த வேகத்தடைப் பலகையைத் தவிர அவள் எதையும் பார்க்க முடியவில்லை. அதை மட்டும் நூறு தடவை குறிவைத்துப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டே லென்ஸ் மாற்றும் அளவுக்குக் கை தேறிவிட்டது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வானம் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. அவள் ஏற்ற வேண்டிய பீட்ரூட் குவியல் தீவின் கிழக்கு ஓரத்து வயலில் இருந்தது. குவியலை வாரி, மண்ணை உதறி, லாரியில் கொட்டும் இயந்திரத்தைக் கோர்ம் ஓட்டினான். அறுபது வயது. ஊரில் யாரிடமும் நல்ல வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவன். விபெக்கா இரண்டாவது நடைக்கு ஆறு மணிக்கு வந்தபோது கடல் பக்கத்திலிருந்து காற்று திரும்பியிருந்தது. மேகம் கிழிய ஆரம்பித்தது. தென்மேற்கில் பிறைநிலா பளிச்சென்று வெளியே வந்தது. அதற்கு இடப்பக்கம், மிக அருகில், அந்த மஞ்சள் ஒளி.

அவள் ஓடிப்போய்த் தொலைநோக்கியை இறக்கி, வரப்போரம் கவிழ்ந்து கிடந்த மரப்பெட்டி மேல் குளிரவிட்டு வைத்தாள். இயந்திரத்தின் நான்கு பெரிய விளக்குகள் வயலையே பகலாக்கிக்கொண்டிருந்தன. அவள் ஏணியில் ஏறிக் கோர்மின் கதவைத் தட்டினாள்.

"என்ன அம்மணி, பீரங்கி கொண்டாந்திருக்க? யாரு மேல படையெடுப்பு?"

"கோர்ம், ஆறரைக்கு இந்த விளக்க எல்லாம் கொஞ்சம் அணைக்கணும். அஞ்சு நிமிஷம்."

"அணைச்சுட்டு? இருட்டுல பீட்ரூட்ட நக்கிப் பாத்து அள்ளணுமா?"

"நிலா சனிய மறைக்கப் போகுது. ஒரு மாசமாக் காத்துட்டிருக்கேன்யா. என் வண்டி நிறைஞ்சதும் அடுத்த வண்டி வர ஏழு ஆகும். உனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

கோர்ம் நிலாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "முதல்ல நான் பாப்பேன். அப்படின்னா அணைக்கிறேன்."

லாரி நிறைந்தது. விளக்குகள் அணைந்தன. இருட்டு அப்படியே மேலே வந்து விழுந்தது. மேகம் விலகிய இடமெல்லாம் நட்சத்திரம். விபெக்கா குழாய் மேல் இருந்த குறிகாட்டியின் சிவப்புப் புள்ளியை அந்த மஞ்சள் ஒளி மேல் வைத்து, ஆறு மில்லிமீட்டர் லென்ஸைச் செருகி, மெல்லத் திருகினாள். மங்கலாக விரிந்திருந்த ஒளி சுருங்கிச் சுருங்கிக் கூர்மையானது.

ஒரு மஞ்சள் மணி. அதன் நடுவே ஊசி கோத்தாற்போல் இருபுறமும் நீட்டிய மெல்லிய கோடு. படத்தில் பார்த்த அகன்ற வளையம் இல்லை. இந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைத்தான் காட்டுகிறது என்று படித்திருந்தாள். ஆனாலும் அது வளையம்தான். படம் இல்லை, அச்சு இல்லை. இதோ, இப்போது, அங்கே நிற்கிறது. பக்கத்தில் நிலாவின் இருண்ட பாகம் சாம்பல் நிறத்தில் மதில் மாதிரி நெருங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சு பேச்சா இருக்கணும்," என்றான் கோர்ம் பின்னாலிருந்து.

வேறு வழியில்லாமல் நகர்ந்தாள். அவன் குனிந்தான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"கோர்ம், நேரமாச்சு."

"இரு."

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"இருன்னு சொல்றேன்ல." அடுத்த நொடி அவன் குரல் மாறியது. "ஏ, காணோம். போயிடுச்சு."

விபெக்கா பாய்ந்து வந்தாள். அவனை இடுப்பாலேயே தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். வெறும் கறுப்பு. மறைந்துவிட்டதா, ஓரத்துக்கு ஓடிவிட்டதா? கையுறையைப் பல்லால் இழுத்துப் போட்டாள். ஒற்றை விரலால் குழாயை ஒரு மயிரிழை தள்ளினாள். இன்னொரு மயிரிழை. ஓரத்திலிருந்து மஞ்சள் மணி உள்ளே நழுவி வந்தது. அதன் ஒரு பக்கத்துக் கோட்டைக் காணோம். நிலா கடிக்க ஆரம்பித்திருந்தது.

"இருக்கு. இருக்கு கோர்ம். தொட்டுடுச்சு."

"சொல்லிக்கிட்டே பாரு," என்றான் அவன், மண்ணில் முழங்கால் போட்டு அவளுக்கு அருகே உட்கார்ந்து.

"கால்வாசி போச்சு. பாதி. மெதுவாத்தான் போகுது. உருண்டை மாதிரி இல்ல, அரை வட்டம் ஆயிடுச்சு. இப்ப ஒரு கீற்றுதான். இப்ப அந்த இன்னொரு பக்கத்துக் கோடு மட்டும் நீட்டிட்டு இருக்கு, சின்னதா, இன்னும் சின்னதா..."

அவள் நிறுத்தினாள். அங்கே நிலா மட்டும் இருந்தது. நிமிர்ந்தபோது இருவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

"எப்ப வெளிய வருவான்?" என்று கேட்டான் கோர்ம்.

"ஒரு மணி நேரத்துல. அந்த வெளிச்சப் பக்கமா."

"அப்ப நீ பாலத்து மேல இருப்ப."

அவள் லாரியைப் பார்த்தாள். நிறைந்த லாரி காத்திருக்காது. ஆலையில் இறக்குவதற்கு அவளுக்குக் கொடுத்த நேரம் தாண்டினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். தொலைநோக்கியைப் பார்த்தாள். வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. பிறகு சிவப்பு விளக்கைக் கழற்றிக் கோர்மின் தலையில் மாட்டினாள்.

"ஒத்தை விரல். தள்ளக் கூடாது, தடவணும். லென்ஸ் மேல மூச்சு விடாத. காபிய பத்தடி தள்ளி வச்சுக் குடி."

"எனக்குச் சொல்லித் தரியா? முப்பது டன் மெஷினு ஓட்டுறவன்."

"அதனாலதான் பயமா இருக்கு."

ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய பாலத்தின் நடுவே அவள் போய்க்கொண்டிருந்தபோது வண்டி ரேடியோ கரகரத்தது. கோர்மின் குரல் அவளுக்கு மட்டும் அல்ல, அந்த வரிசையில் ஓடிய எல்லா லாரிகளுக்கும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. வரான். வெளிச்சத்து ஓரத்துல ஒரு பரு மாதிரி முளைச்சிருக்கான். மூணாவது வண்டிக்காரன் இங்கதான் நிக்கிறான், அவன் நம்பல, அவனையும் பாக்க வச்சுட்டேன். விபெக்கா, கேக்குதா? இப்பக் கோடும் வந்துடுச்சு."

"கேக்குது," என்றாள் அவள். வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கடலுக்கு மேல் நிலா கூடவே வந்துகொண்டிருந்தது.

பீட்ரூட்டைக் கொட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது மணி ஒன்பது. இயந்திர விளக்கு அணைந்தே இருந்தது. மரப்பெட்டியைச் சுற்றி நாலு பேர். கோர்ம், மூன்றாவது லாரிக்காரன், வயலின் சொந்தக்காரி, கையில் ஆப்பிள் அப்பம் வைத்த தட்டோடு அவளுடைய புருஷன். கோர்ம் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

"தொடாதீங்க. தடவணும். எத்தனை தடவை சொல்றது?"

விபெக்கா கிட்டே போனாள். கோர்ம் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் பின்னால் காட்டினான்.

"வரிசை அங்க," என்றான்.

அவள் ஓர் அப்பத்தை எடுத்துக்கொண்டு போய், வயல் சொந்தக்காரிக்குப் பின்னால் நின்றாள்.