சிவப்புப் புள்ளி இல்லாத ஊர்

வரைபடத்தில் உறுவையாறு ஊருக்கு ஒன்பது சிவப்புப் புள்ளிகள். சோரியாங்குப்பத்தில் ஒன்றுகூட இல்லை. அதை நம்பித்தான் தனிஸ்லாஸ் தன் மகளைச் சோரியாங்குப்பத்தில் கொண்டுபோய் விட்டிருந்தான்.

படம் அவன் வரைந்ததுதான். விலங்கியலில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் சும்மா இருந்தவனுக்கு, மூளைக்காய்ச்சல் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. எண்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களையெல்லாம் சைக்கிளில் சுற்றிவர வேண்டும். காய்ச்சல் கண்ட பிள்ளையின் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, பன்றி வளர்க்கிற இடத்துக்குக் கறுப்புக் கட்டம், தண்ணீர் நிற்கிற நடவு வயலுக்கு நீலக் கோடு. பன்றியின் ரத்தத்தில் இருக்கிற கிருமியை வயல் கொசு பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. எந்த ஊருக்கு ஆபத்து அதிகம் என்று படம் சொல்கிறதோ, அந்த ஊருக்குக் கொசுப்புகை அடிக்கிற ஜீப் முதலில் போகும். இருந்தது ஒரே ஜீப்.

மனைவி ரோசி தை மாதம் பிரசவத்தில் போனாள், வயிற்றுப் பிள்ளையோடு. அதற்குப் பிறகு தனிஸ்லாஸுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், மூன்று வயது ஆரோக்கிய செல்விக்குத் தலை சீவிவிட்டான். ஆனால் உறுவையாற்றின் ஐந்தாவது புள்ளியைத் தன் தெருவிலேயே வைக்க நேர்ந்த அன்று, அதற்கும் தன் வீட்டுக்கும் நடுவில் எத்தனை வீடு என்று எண்ணிப்பார்த்தான். மறுநாளே பிள்ளையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டுபோய், ரோசியின் அக்கா மதலேனாள் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். சோரியாங்குப்பத்தில் கறுப்புக் கட்டங்களுக்குக் குறைவில்லை. கிறிஸ்துமஸுக்கு டவுனில் விற்க என்று பல வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். மதலேனாளும் கொல்லையில் நாலு குட்டி கட்டியிருந்தாள். ஆனாலும் புள்ளி இல்லை. கணக்கெடுப்புக்குப் பொறுப்பான டாக்டர் நாகராஜன்கூடப் படத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்துவைத்த ஊர் என்று சிரித்தார்.

பிள்ளையை விட்டுவந்த பதினோராம் நாள் காலையில் அவன் தன் தெருக்கோடியில் இருக்கிற தையலம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் மகன் ராமு, ஏழு வயது, முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தான். ஒன்பதாவது புள்ளி. படிவத்தில் காய்ச்சல் கண்ட தேதி விட்டுப்போயிருந்தது. அதைக் கேட்டான்.

தையலம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். "எழுதிக்கினே கீறியே, எழுதி இன்னாத்தக் கிழிச்ச? லீவுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயி நல்லா ஆடிட்டுத்தான் வந்தான். வந்த நாலாம் நாளு படுத்தான். போட்டுக்க."

அவள் அம்மா வீடு எந்த ஊர் என்று கேட்கவேண்டியதே இல்லை. அவளும் ரோசியைப்போல சோரியாங்குப்பத்துப் பெண். உறுவையாற்றுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணெடுக்கிற ஊர் அது. தெரிந்தும் கேட்டான். அவள் சொன்னதும் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு மற்ற எட்டு வீடுகளுக்கும் ஓடினான். ஒன்பதில் ஏழு பிள்ளைகள் காலாண்டு லீவில் சோரியாங்குப்பத்தில் இருந்தவர்கள்.

படிவம் கேட்டது பிள்ளையின் ஊர் எது என்று. பிள்ளைக்கு ஊர் என்றால் அப்பன் ஊர். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அவனும் அதைத்தான் எழுதினான். லீவு விட்டால் பிள்ளைகள் அம்மா பிறந்த வீட்டில்தான் கிடப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா? அவனும் அப்படிக் கிடந்தவன்தான்.

அலுவலகத்தில் டாக்டர் முன்னால் படத்தை விரித்து, ஏழு புள்ளிகளிலிருந்தும் சோரியாங்குப்பத்துக்குப் பென்சிலால் கோடு இழுத்தான். அப்படியானால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் படுக்கவில்லை என்று கேட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார்.

"அங்கேயே பொறந்து அந்தக் கொசுக்கடியிலேயே வளர்ந்த பிள்ளைங்களுக்கு உடம்பு பழகிப்போயிருக்கும். புதுசாப் போற பிள்ளைக்குத்தான்ப்பா ஆபத்து." பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "அங்க யாராவது இருக்காங்களா உனக்கு?"

"எம் பொண்ணு சார்."

ஜீப் உறுவையாற்றில் இருந்தது, அவன் படத்தை நம்பி. அதைத் திருப்பிவிடுகிறேன், நீ கிளம்பு என்றார் டாக்டர்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும், பாகூர் ஏரிக்கரையில் சங்கிலி கழன்று மாட்டியதும் பிற்பாடு அவனுக்கு நினைவில்லை. வழிநெடுக நடவு வயல், தண்ணீர், கொக்கு. சோரியாங்குப்பம் சேரும்போது மணி நாலு இருக்கும்.

மதலேனாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்க்காத அப்பன் எந்த ஊரில் உண்டு என்று ஏசினாள். முந்தாநாளிலிருந்து காய்ச்சல், காலையில் இரண்டு தரம் வாந்தி, கஷாயம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

ஆரோக்கிய செல்வி பாயில் கிடந்தாள். அப்பா என்று கூப்பிட்டாள், ஆனால் பார்வை சுவரில் இருந்தது. மூளைக்காய்ச்சலில் கழுத்துதான் விறைக்கும். அவளைத் தூக்கி உட்காரவைத்தான்.

"கண்ணு, தாடைய நெஞ்சுல வையி. இப்படி. அப்பா மாதிரி."

பிள்ளை முயன்றது. கழுத்து மடங்கவில்லை. அவன் பிடரியில் கைவைத்து மெதுவாகத் தள்ளினான். உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகக் கையோடு வந்தது. பிள்ளை அலறியது.

"சுளுக்குன்னுல்ல நெனச்சேன்," என்றாள் மதலேனாள். "இன்னாப்பா? புள்ளைக்கு இன்னா? யாரு கண்ணு பட்டுச்சோ."

"யாரும் இல்லக்கா. நான்தான் கொண்டாந்து வுட்டேன்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். சைக்கிளை மறந்துவிட்டான். டவுனுக்குப் போகிற பஸ் வந்தபோது நடுரோட்டில் போய் நின்றான். டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லி பிரேக் போட்டார். உள்ளே ஏறி, ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிறுத்தக்கூடாது என்று கண்டக்டரிடம் சொன்னான். அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விசிலை ஊதினார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பாகூர் தாண்டுவதற்குள் பிள்ளைக்கு முதல் வலிப்பு வந்தது.