குகைக்குள் ஒன்றரை நிமிடம்

குகைக்குள் இறங்க எழுபது படிகள். அடியில் இருந்த பாறைக்கூடத்தில் அறுபது நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி கட்டி, மத்தியான நேரத்தில் படம் காட்டினார்கள். குகையைப் பற்றி எடுத்த படத்தைக் குகைக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று குகையைப் பராமரிக்கும் சங்கத்தின் செயலாளருக்கு ஆசை. ஆனால் பாறையில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்து உறுமியது. திரையில் வாய்கள் அசைந்தன. பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை.

“அத்தான், அந்தச் சனியனைக் கொஞ்சம் நிறுத்துங்க!” என்று செயலாளர் கத்தினார். மோட்டார்காரர் அவருடைய அக்கா புருஷன்.

“நிறுத்தினா குழாயில காத்து ஏறிடும். அப்புறம் வாளி வாளியா தண்ணி ஊத்தித்தான் கிளப்பணும். அதுக்குள்ள உங்க செருப்பெல்லாம் மிதக்கும்.”

“எங்க செருப்புக்கு நீ என்னய்யா காவலா?” என்றது ஒரு குரல். “ஊமைப் படத்துக்கா டிக்கெட் வாங்கினோம்?” என்றது இன்னொன்று. “படமே அவரு மோட்டாரைப் பத்தினதுதான், பேசாம பாருங்கப்பா!” கூடமே சிரித்தது. நல்ல சிரிப்பல்ல.

மோட்டார்காரர் அசையவில்லை. முப்பது வருஷம் அந்த இரைச்சலோடு போட்டி போட்டுப் பேசியதில், அன்பான சொல்லும் அவர் வாயில் அதட்டலாகத்தான் வரும்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, பள்ளத்தைச் சுற்றிய கம்பியருகே வந்து நின்றாள். மோட்டார்காரருடைய தம்பியின் மனைவி. தம்பி இந்தக் குகையில் வழிகாட்டியாக இருந்தவன். அண்ணன் பார்த்து வைத்த பெண்ணை வேண்டாமென்று இவளைக் கட்டிக்கொண்டான்; அன்றோடு பேச்சு அறுந்தது. போன வருஷம் காய்ச்சலில் அவன் கண்ணை மூடியபோதும், அண்ணன் வாசல் கேட் வரை போய்த் திரும்பிவிட்டார்.

“படத்துல அவர் பேசற இடம் இப்ப வரப்போகுது. ஒன்றரை நிமிஷம்தான், மாமா. வீட்டில போட்டோ நிறைய இருக்கு. குரல் ஒண்ணுகூட இல்ல.”

“யாருக்கு யாரு மாமா? போய் உட்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள்.

திரையில் தம்பி வந்தான். முன்பல் சந்து தெரியச் சிரித்து வாயைத் திறந்தான். மோட்டார் அதை விழுங்கியது. அவள் காதருகே கையைக் குவித்து முன்னால் சாய்ந்தாள். “பின்னால தள்ளி உட்காரும்மா, கழுத்து மேல ஏறிடுவே போல!” என்று முன்வரிசைக்காரர் சீறினார். அவள் கையை மட்டும் எடுக்கவில்லை.

யார் மனத்தின் தாழ்ப்பாளை எப்போது நீக்குவது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மோட்டார்காரரின் கை சுவிட்சைத் தட்டியது.

“எல்லாரும் குனிஞ்சு வாங்க!” குகை முழுக்கத் தம்பியின் குரல். “பாறைக்கு மரியாதை குடுக்காதவங்களுக்கு இங்க நெத்தியில முத்திரை குத்தி அனுப்புவோம். என் நெத்தித் தழும்பைப் பாருங்க, நான் எவ்வளவு மரியாதைக்காரன்னு தெரியும்!”

அந்த ஒன்றரை நிமிடம் முடிந்து அவர் மறுபடி சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது, தண்ணீர் ஏறவில்லை. சற்று நேரத்தில் முதல் வரிசையின் கால்கள் நனைந்தன. விளக்கைப் போட்டார்கள். ஏச்சுகளோடு கூட்டம் படியேறியது.

“மோட்டாரைக் கிளப்பத் தெரியாத ஆள் எதுக்கு? நாளையிலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கறேன், அத்தான்” என்றார் செயலாளர், எல்லார் காதிலும் விழும்படி.

மோட்டார்காரர் பள்ளத்தில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று வாளியைத் தூக்கிக் குழாயில் ஊற்றினார். இரண்டாவது வாளியை ஒரு வளையல் கை தூக்கிக் கொடுத்தது.

“நீ மேல போம்மா. குளிர் ஒத்துக்காது.”

“முதல்ல தண்ணி இறங்கட்டும், மாமா.”

பன்னிரண்டு வாளி ஆயிற்று. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “வீட்டிலயும் இப்படித்தான் பேசுவானா?”

“வீட்டில இதைவிட மோசம்” என்றாள் அவள், அடுத்த வாளியை நீட்டியபடி.