கொளஞ்சி போட்ட விளாம்பழம்

காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பால்வாடியில் நான் ஆயா. பாடம் சொல்வது தேவகி டீச்சர். எண்பத்து நாலில் ஒரு நாள், திண்டிவனத்திலிருந்து சக்கரபாணி என்ற அதிகாரி வந்து இறங்கினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் எழுதிவிட்டால் மையத்தை மூடிவிடுவார்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பழையபடி கரும்புக் கொல்லை வரப்பில் கிடக்க வேண்டியதுதான்.

அவர் ஒரு படத்தை விரித்தார். "இது என்ன பழம்?"

"தக்காளி" என்றன பிள்ளைகள், ஒரே குரலில்.

ஆப்பிளாம். எங்கள் ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் ஆப்பிள் கண்ணில் படும். மனுஷன் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். வந்த கோபத்துக்குக் கையிலிருந்த கரண்டியை ஓங்கியிருப்பேன்.

"கொஞ்சம் இருங்க சார். படத்த வெச்சிக்கினு இங்க பாடம் நடத்தறதில்லிங்க. பழத்த வெச்சித்தான்" என்று டீச்சர் கூடையை இழுத்து வைத்தார்.

கூடையில் விளாங்காயும் பழமும் கலந்து ஐந்து. ஓட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். டீச்சர் கொளஞ்சியைக் கூப்பிட்டார். நாலு வயசு, புது ஆளைப் பார்த்தால் பாவாடையை வாயில் வைத்துக்கொள்ளும் பிள்ளை. போயும் போயும் இவளையா என்று மனசுக்குள் திட்டினேன்.

கொளஞ்சி ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் போட்டாள். மூன்று துள்ளி ஓடின. இரண்டு தொப்பென்று விழுந்த இடத்திலேயே கிடந்தன. துள்ளியதை ஒரு பக்கமும் கிடந்ததை ஒரு பக்கமும் வைத்து, விரல் விட்டு எண்ணினாள்.

"காயி மூணு. பழம் ரெண்டு."

"குருட்டாம்போக்குல சொல்லுது" என்று அதிகாரி காய்ப் பக்கத்திலிருந்து பெரியதை எடுத்தார். "இது பழுத்ததுதான். ஒடைங்க."

உடைத்துக் கொடுத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று காய். அப்போதும் வீம்புக்கு ஒரு வாய் போட்டார். துவர்ப்பில் முகம் கோணிக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. நானும்தான் சிரித்தேன், எதற்கு மறைக்க வேண்டும்?

தண்ணீர் குடித்துவிட்டு, 'மையம் நன்றாக நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கிளம்பும்போது அதிகாரி இன்னொரு காயை எடுத்துக் கொளஞ்சியிடம் காட்டினார். "இத ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன். எப்பத் துன்னலாம்?"

"வெயில்ல வைங்க. போட்டுப் பாத்துட்டுத் துன்னுங்க."

"சரிங்க டீச்சர்" என்றார் அதிகாரி, அவளைப் பார்த்து.